கடன் சங்க மென்பொருளில் இரவு வேலைகளை அமைக்கும் முறை: பேட்ச் கோப்பும் நேர அட்டவணையும்

மாலையில் கவுண்டரை மூடிய பிறகு அன்றைய வட்டியைக் கணக்கிடுவது, தொடர் வைப்புத் தவணையைச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து வரவு வைப்பது, தவணை தவறிய கடனுக்கு அபராத வட்டி எழுதுவது, பேக்கப் எடுப்பது, தேதியை அடுத்த நாளுக்கு நகர்த்துவது ஆகிய வேலைகளை ஆள் உட்காராமல் கணினியே வரிசையாகச் செய்யும்படி அமைப்பதைத்தான் பேட்ச் ஜாப் என்கிறோம். அலுவலக அறையிலேயே சொந்தச் சர்வர் வைத்திருக்கும் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களையும் அவற்றின் அளவிலான மற்ற கடன் சங்கங்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பொது மென்பொருளுக்கு மாறிவிட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சர்வர் பற்றிய பகுதிகள் பொருந்தமாட்டா. விடுமுறைக் கோப்பு பற்றியும் வெளியே அனுப்பும் கோப்பு பற்றியும் சொல்வது அவர்களுக்கும் பயன்படும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் சில சங்கங்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்ததில் நான் கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வேலை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதைக் கடிகாரம் சொல்லலாம். அது எந்த நாளுக்காக ஓட வேண்டும் என்பதை மென்பொருளில் திறந்திருக்கும் கணக்கு நாள் மட்டுமே சொல்ல வேண்டும். இந்த இரண்டும் பெரும்பாலான நாட்களில் ஒன்றாகவே இருப்பதால், அவை பிரியும் நாள் வரும்வரை தவறு வெளியே தெரியாது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது அந்த நாள் வந்தது. அது வியாழக்கிழமை, மாதத்தின் கடைசி நாளும் அதுவே. மேற்குப் பகுதியில் நான் கவனித்துவந்த ஒரு சங்கத்தில் அன்று காலை போன மின்சாரம் ஆறு நாள் கழித்தே திரும்பியது. அங்கே மாத இறுதி வட்டிப் பதிவை, கணினியின் தேதிப்படி நாளை 1-ஆம் தேதி என்றால் ஓடு என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தோம். டிசம்பர் 6 அன்று சர்வரை எழுப்பியபோது அந்த நிபந்தனை எப்படி உண்மையாகும்? நவம்பர் மாத வட்டிப் பதிவு ஓடாமலே போய்விட்டது. சம்பளப் பிடித்தத்துக்காக அனுப்பும் கேட்புப் பட்டியலில் வட்டிப் பத்தி குறைந்து நின்றதைச் சங்கத்தின் கணக்கர் கண்டுபிடித்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. கணக்கு நாளைப் பார்த்து எழுதியிருந்தால், நவம்பர் 30 முதல் ஒவ்வொரு நாளாகத் திறந்து மூடும்போது அந்தப் பதிவு தன் இடத்தில் தானாக ஓடியிருக்கும்.

முதலில் காகிதத்தில்

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, இரவில் ஓட வேண்டிய வேலைகளை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எதைப் படிக்கிறது, எதை எழுதுகிறது, ஒருநாள் ஓடாவிட்டால் என்ன ஆகும், ஒரே நாளுக்கு இரண்டு முறை ஓடினால் என்ன ஆகும் என்ற நான்கையும் குறியுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும்போதுதான் வேலைகள் தாமாகவே பிரிந்து நிற்கும். இருப்புப் பட்டியல் போன்றவை இரண்டு முறை ஓடினாலும் காகிதம்தான் வீண். வட்டிப் பதிவு இரண்டு முறை ஓடினால் உறுப்பினரின் பேரேட்டில் தவறான தொகை ஏறிவிடும். வங்கிக்கு அனுப்பும் பிடித்தக் கோப்பு இரண்டு முறை போனால் அந்தத் தவறு சங்கத்தைத் தாண்டி வெளியே சென்றுவிடும். அதைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

வரிசையைப் பொறுத்தவரை நான் பின்பற்றுவது இது. கவுண்டர் மூடி ரொக்கம் நேர்பட்டதும் முதல் பேக்கப். பிறகு தானியங்கி மாற்றங்கள், அதன் பிறகு வட்டி, அதற்குப் பின் அபராத வட்டி, அடுத்து இருப்பாய்வு, அதாவது பற்று, வரவு மொத்தங்கள் சமமா என்று பார்ப்பது. அது நேர்பட்டால் மட்டுமே நாள் முடிப்பு, அதாவது எல்லோரும் சொல்லும் டே எண்ட். இறுதியாக இரண்டாவது பேக்கப். தொடர் வைப்புக்கோ கடன் தவணைக்கோ பணம் மாறுவதற்கு முன்னால் அபராத வட்டி ஓடினால், கணக்கில் பணம் வைத்திருந்த உறுப்பினருக்கும் அபராதம் விழும். சங்கத்துக்கு அதைவிடக் கெட்ட பெயர் வேறு வேண்டாம்.

அளவுருக் கோப்பு

மாறக்கூடிய எதையும், கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் பேட்ச் கோப்புக்குள் எழுதாமல் தனியாக ஓர் அளவுருக் கோப்பில் வையுங்கள். தரவுத்தளத்தின் இடம், லாக் (எது எப்போது ஓடியது என்ற குறிப்பு) எழுதும் இடம், பேக்கப் போகும் வட்டு, வட்டியை எந்த வகுத்தியால் வகுப்பது, எந்த இடத்தில் முழுமையாக்குவது ஆகியவை அதில் இருக்கட்டும். கடவுச்சொல்லை மட்டும் அதிலும் எழுதக் கூடாது. இரவு வேலைக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, தேவையான உரிமைகளை மட்டும் அதற்குக் கொடுப்பதே சரி.

முழுமையாக்கும் இடம் சிறிய விஷயமாகத் தோன்றும். ரூ. 2,00,000 கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ரூ. 24,000, 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 65.7534. தினமும் அதை 65.75 என்று முழுமையாக்கிச் சேர்த்துவந்தால் ஆண்டு முடிவில் ரூ. 23,998.75 வரும். ஒரு கணக்கில் ஒன்றேகால் ரூபாய் குறைகிறது. ஆயிரம் கணக்கு இருந்தால் தணிக்கையில் அந்த வேறுபாட்டுக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். ஆகவே தினசரிச் சேர்ப்பில் நான்கு பதின்ம இடங்களை வைத்துக்கொண்டு, பேரேட்டில் பதியும்போது மட்டும் பைசாவுக்கு முழுமையாக்குமாறு அமைக்கவும். லீப் ஆண்டில் வகுத்தி 365-ஆ 366-ஆ என்பதையும் நிர்வாகக் குழு முடிவு செய்து, அளவுருக் கோப்பில் வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும். அடுத்த லீப் ஆண்டு 2028.

பேட்ச் கோப்பை எழுதும்போது

விண்டோஸ் கணினியில் கையால் இரண்டு முறை கிளிக் செய்தால் நன்றாக ஓடும் கோப்பு, இரவில் தானாக ஓடும்போது நின்றுவிடுவதற்குச் சில வழக்கமான காரணங்கள் உண்டு. ஷெட்யூலரில் ஸ்டார்ட் இன் என்ற பெட்டியைக் காலியாக விட்டால், வேலை விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து தொடங்கும். உங்கள் கோப்புகளைச் சுருக்கப் பெயரால் அழைத்திருந்தால் எதுவும் அகப்படாது. எனவே கோப்பின் முதல் வரியிலேயே தன் சொந்தக் கோப்புறைக்குப் போகும் கட்டளையை எழுதிவிடுங்கள். பகலில் நீங்கள் காணும் நெட்வொர்க் டிரைவ் எழுத்து, யாரும் உள்நுழையாத இரவு வேலைக்குத் தெரியாது. கணினியின் பெயரோடு கூடிய முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். ஒரு பேட்ச் கோப்பிலிருந்து இன்னொன்றை அழைக்கும்போது முன்னால் கால் (call) என்ற சொல் இல்லாவிட்டால், இரண்டாவது முடிந்ததும் முதலாவதின் மீதி வரிகள் ஓடாமலே போகும். சோதனைக்காகச் சேர்த்த பாஸ் (pause) கட்டளையை எடுக்க மறந்தால், ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டு வேலை காலைவரை காத்து நிற்கும்.

ஒவ்வொரு படியும் முடிந்ததும் அது திருப்பித் தரும் எண்ணைப் பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். சுழியம் என்றால் வெற்றி. ஆனால் எரர்லெவல் 1 என்று நிபந்தனை எழுதினால் அது 1-ஐயும் அதற்கு மேற்பட்ட எண்களையும்தான் பிடிக்கும். எதிர்ம எண்ணோடு விழுந்த வேலை அதில் தப்பிவிடும். சுழியத்துக்குச் சமமில்லை என்றே எழுதுவது பாதுகாப்பானது. கோப்புகளை நகலெடுக்கும் ரோபோகாப்பி மட்டும் இதற்கு விலக்கு. அது நகலெடுத்து முடித்ததற்கே 1 என்ற எண்ணைத் தரும். 8-உம் அதற்கு மேலும் வந்தால்தான் தோல்வி. அந்தப் படிக்கு நிபந்தனையைத் தனியாக எழுதுங்கள்.

லாக் கோப்பில் சாதாரண வெளியீடும் பிழைச் செய்தியும் சேர்ந்தே விழ வேண்டும்; அதற்குத்தான் வரியின் கடைசியில் 2>&1 என்று சேர்ப்பது. லாக், பேக்கப் ஆகியவற்றின் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 20171130 என்பதுபோல் எட்டு இலக்கமாகக் கணக்கு நாளிலிருந்தே எடுத்து எழுதுங்கள். விண்டோஸ் தானாகத் தரும் தேதியின் (%DATE%) வரிசை ஒவ்வொரு கணினியின் வட்டார அமைப்புக்கு ஏற்ப மாறும். பழுதான கணினிக்குப் பதிலாக வைத்த ஒன்றில் அமெரிக்க வரிசை இருந்ததால், ஏப்ரல் 3 பேக்கப் மார்ச் 4 பேக்கப்பின் பெயரையே பெற்று அதன் மேல் எழுதியதை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி மிக முக்கியமான பகுதி. பதிவு செய்யும் ஒவ்வொரு வேலையும், தொடங்கும்போது மென்பொருளிடம் கணக்கு நாளைக் கேட்டு, அந்த நாளுக்கு நான் ஏற்கெனவே முடித்துவிட்டேனா என்று பார்க்க வேண்டும். முடித்திருந்தால் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியேற வேண்டும். இல்லையென்றால், தனக்கு முந்தைய வேலை அதே கணக்கு நாளுக்கு முடிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓட வேண்டும். முடிந்ததற்கான அடையாளத்தைத் தனிக் கோப்பாக வைப்பதைவிடத் தரவுத்தளத்தில் ஒரு சிறு அட்டவணையில், பதிவுகளோடு ஒரே பரிவர்த்தனையாக எழுதுவது நல்லது. பாதியில் மின்சாரம் போனால் பதிவும் அடையாளமும் சேர்ந்தே இல்லாமல் போகும், சேர்ந்தே திரும்ப ஓடும். வட்டிப் பதிவு 8.30-க்கு, அபராத வட்டி 8.45-க்கு என்று இடைவெளி விட்டுக் குறித்துவிட்டு, பதினைந்து நிமிடம் போதும் என்று நம்பியிருப்பது வரிசை ஆகாது. கணக்குகள் பெருகும்போது ஒருநாள் அந்தப் பதினைந்து நிமிடம் போதாமல் போகும்.

நேரம் குறிப்பது

விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நான்கு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பயனரின் கடவுச்சொல்லை மாற்றினால் இங்கேயும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகத் தொடங்காதே என்பதை விட்டுவையுங்கள். மின்இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற குறியீடு இயல்பாகவே போடப்பட்டிருக்கும். யூஎஸ்பி வழியாக இணைத்த யூபிஎஸ்ஸை விண்டோஸ் பேட்டரியாகவே பார்ப்பதால், மின்சாரம் போன நேரத்தில் யூபிஎஸ் முழுச் சார்ஜோடு இருந்தாலும் வேலை தொடங்காது. பாதியில் இருப்பதையும் நிறுத்திவிடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் நம் மாவட்டத்தில் இதைக் கவனிக்காமல் விட முடியாது. பேக்கப்புக்கு அந்தக் குறியீட்டை எடுத்துவிடுங்கள். பதிவு வேலைகளுக்கு எடுப்பதா வேண்டாமா என்பது யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும், வேலை எத்தனை நிமிடம் ஓடும் என்பதைப் பொறுத்தது. நான்காவது, தவறிய நேரத்தை முடிந்தவரை விரைவில் ஈடு செய் என்ற குறியீடு. பேக்கப்புக்கு இது நல்லது. பதிவு வேலைக்கு இதைப் போட்டால், காலையில் சர்வரை எழுப்பியதும் கவுண்டரில் உறுப்பினர் நிற்கும்போதே நாள் முடிப்பு ஓடத் தொடங்கிவிடும்.

லினக்ஸ் சர்வரில் இதே வேலையைச் செய்வது கிரான் (cron). கிரான் வரியின் ஐந்து இடங்கள் வரிசையாக நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை ஆகும். இரண்டாம் சனிக்கிழமை எப்போதும் 8 முதல் 14-ஆம் தேதிக்குள் விழும் என்பதால் பலர் இப்படி எழுதுகிறார்கள்:

30 20 8-14 * 6

இது இரண்டாம் சனிக்கிழமை இரவு 8.30-க்கு மட்டும் ஓடும் என்று நினைத்தால் தவறு. தேதியும் கிழமையும் இரண்டும் குறிக்கப்பட்டிருந்தால், ஏதேனும் ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும். இந்த வரி எல்லாச் சனிக்கிழமைகளிலும் ஓடும். 8 முதல் 14 வரை எல்லா நாட்களிலும் ஓடும். கிழமையை மட்டும் வரியில் வைத்து, தேதியை வேலைக்குள் சரிபார்க்க வேண்டும். 31 என்று தேதி குறித்த மாத இறுதி வேலை ஆண்டில் ஏழு மாதங்களில் மட்டுமே ஓடும் என்பதையும் மறக்கக் கூடாது. சர்வர் உலக நேரத்தில் அமைந்திருந்தால் நம் இரவு 8.30 அதற்கு 15.00 மணி. நம் 1-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு அங்கே முந்தைய மாதத்தின் கடைசி நாள் இரவு 8.30 ஆகத்தான் இருக்கும்.

விடுமுறைக் கோப்பு

வெளியூர் நிறுவனங்கள் அமைத்துக் கொடுக்கும் மென்பொருள் நம் மாவட்டத்தில் தடுமாறும் இடம் இதுதான். விடுமுறைக் கோப்பில் தேதிக்கு எதிரே விடுமுறை என்று ஒரே பத்தி இருந்தால் போதாது. சங்கம் திறக்குமா என்று ஒரு பத்தியும், வங்கி திறக்குமா என்று இன்னொரு பத்தியும் வேண்டும்.

டிசம்பர் 3 அன்று கோட்டாறு புனித சவேரியார் பேராலயத் திருவிழாவுக்கும், மாசி மாதத்தில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடைக்கும், ஓணத்துக்கும் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். அந்த அறிவிப்பின் கீழேயே, இது செலாவணி முறிச் சட்டம் 1881-இன்படி அறிவிக்கப்பட்டது அன்று என்ற வரியும், ஈடாக எந்தச் சனிக்கிழமை வேலைநாள் என்பதும் இருக்கும். அதாவது அன்று வங்கிகள் வழக்கம்போல் இயங்கும். உறுப்பினர்களின் அலுவலகங்களும் பள்ளிகளும் மூடியிருக்கும். மறுபுறம் 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிகள் இயங்குவதில்லை, சங்கம் திறந்திருக்கலாம். ஏப்ரல் 1 அன்று ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக வங்கிகள் பொதுமக்களுக்கான பணியை மேற்கொள்வதில்லை. ஆகவே நாள் முடிப்பு அடுத்த கணக்கு நாளைத் தேடும்போது சங்கத்தின் பத்தியையும், பிடித்தக் கோப்பு அனுப்பும் வேலை வங்கியின் பத்தியையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கோப்பு தவறினால் வட்டி தவறும். சனிக்கிழமை நாள் முடிப்பு கணக்கு நாளைத் திங்களுக்கு நகர்த்தும்போது, சனி, ஞாயிறு என இரண்டு நாள் வட்டியைச் சேர்க்கிறது. திங்கள் விடுமுறை என்று கோப்பில் தவறாக இருந்தால் அது செவ்வாய்க்குத் தாவி மூன்று நாள் வட்டியைச் சேர்த்துவிடும். திங்களன்று வந்து கடனை முடிக்கும் உறுப்பினர், ஒரு நாள் கூடுதல் வட்டி செலுத்தி, செவ்வாய்த் தேதியிட்ட ரசீதோடு வீட்டுக்குப் போவார். விடுமுறையைச் சேர்க்க மறந்தால் நேரும் கேடு இதைவிடக் குறைவு; பரிவர்த்தனை இல்லாத ஒரு நாளைத் திறந்து மூடினால் போதும். எனவே ஐயமாக இருந்தால் வேலைநாளாகவே விட்டுவையுங்கள். நகரும் திருவிழாக்களின் தேதி ஆட்சியர் உத்தரவு வந்த பிறகே உறுதியாகும் என்பதால், மென்பொருள் நிறுவனத்தை அழைக்காமல் சங்கச் செயலாளரே இந்தக் கோப்பைத் திருத்தும்படி அமைக்கவும்.

வெளியே போகும் கோப்புகள்

கேட்புப் பட்டியல், வங்கிக் கோப்பு ஆகியவற்றின் கடைசி வரியில் மொத்த வரிகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இருக்கட்டும். மென்பொருளின் இருப்பாய்வோடு அதை ஒப்பிட்ட பிறகே கோப்பு வெளியேற வேண்டும். தமிழ்ப் பெயர்கள் நிலையான அகலமுள்ள புலத்தில் வெட்டுப்படும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும். நாகர்கோவில் என்ற சொல்லில் புள்ளி, துணைக்குறி எல்லாம் சேர்த்துப் பதினொரு குறியீடுகள், 33 பைட். புலம் 30 பைட் என்றால் கடைசிப் புள்ளி உதிர்ந்து நாகர்கோவில என்று நிற்கும். உருவான கோப்பை எக்செலில் திறந்து சேமிக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்; 00127 என்ற உறுப்பினர் எண் 127 ஆகிவிடும், பதினைந்து இலக்கத்தைத் தாண்டிய கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் சுழியமாகிவிடும்.

சோதனை

உண்மைத் தரவின் நகலை வேறொரு கணினியில் வைத்து, ஒரு மாதத்தின் கடைசி மூன்று நாட்களையும் அடுத்த மாதத்தின் முதல் நாளையும் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வேலையையும் வேண்டுமென்றே இரண்டு முறை ஓட்டி, இருப்பாய்வு மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டிப் பதிவு பாதியில் இருக்கும்போது மின்கம்பியைப் பிடுங்கி, மறுபடி எழுப்பி ஓட்டுங்கள். ஐந்தாறு கணக்குகளையாவது, அவற்றில் ஒன்று அன்றே முடிந்த கடனாகவும் ஒன்று அன்றே முதிர்ந்த வைப்பாகவும் இருக்கும்படி தேர்ந்தெடுத்து, கையால் வட்டி போட்டு ஒப்பிடுங்கள். பேக்கப்பைத் திரும்ப ஏற்றி அதில் மென்பொருள் திறக்கிறதா என்று பார்க்கும்வரை அந்தப் பேக்கப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நடைமுறைக்கு வந்த பிறகு, தினமும் கவுண்டர் திறக்கும் முன்னால் ஒருவர் நான்கு விஷயங்களைப் பார்த்து ஒரு நோட்டில் கையெழுத்திட வேண்டும்: திறந்திருக்கும் கணக்கு நாள், எல்லா வேலைகளுக்கும் முடிந்த அடையாளம், இருப்பாய்வின் இரு பக்க மொத்தம், பேக்கப் கோப்பின் அளவு நேற்றையதோடு ஒத்திருக்கிறதா என்பது. ஏதேனும் ஒன்று பொருந்தாவிட்டால் கவுண்டரைத் திறக்காமல் யாரை அழைப்பது, எந்தப் படியிலிருந்து மறுபடி ஓட்டுவது, பல நாள் மின்சாரம் இல்லாமல் போனால் எந்தத் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளாகத் திறப்பது என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, சர்வர் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். கணினிக்குள் மட்டும் வைத்த குறிப்பை மின்சாரம் இல்லாதபோது படிக்க முடியாது.